தராசை எந்த வாசலில் வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

சுழற்சிப் பொருளாதாரம் (பொருளை வீசாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது) பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில், அளப்பது பற்றியும் இலக்கு வைப்பது பற்றியும் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் விடுதி வரவேற்பறையில் "எங்கள் குப்பையில் 89 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது" என்று பலகை வைத்திருக்கிறோம். தங்க வந்த ஒருவர் எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். பிரித்துக் கொடுத்த எடையை மொத்த எடையால் வகுத்தோம் என்றோம். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எதில் தவறு?
— விடுதி மேலாளர், குன்னூர்

பதில்: வகுத்ததில் தவறில்லை. தராசு நின்ற இடம்தான் தவறு. உங்கள் பின்வாசலில் தராசை வைத்து அளந்தால் தெரிவது "எவ்வளவு பிரித்தோம்" என்பது. பலகை சொல்வதோ "எவ்வளவு மறுபடி பொருளானது" என்பது. இரண்டுக்கும் நடுவே தரம் பிரிக்கும் மேஜை ஒன்று இருக்கிறது. அங்கே கழித்துப் போடுவதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வார எடைகளையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 310 கிலோ. மக்கும் குப்பை 190, உலர் குப்பை 85, மீதி 35. (190+85)/310, ஆக 89 சதவீதம். சரி. இனி உலர் குப்பையோடு பிரிப்பு மையத்துக்குப் போங்கள். 85 கிலோவில் எண்ணெய் படிந்த பார்சல் தாள், சிப்ஸ் உறை, ஈரமான டிஷ்யூ என்று 20 கிலோ கழிந்தால் மறுசுழற்சிக்குப் போவது 65. மக்கும் குப்பை 190-இல் சாஷே, டீ பை, ஸ்பூன் என்று 12 கிலோ கலந்திருந்தால் உரக்குழிக்குள் நியாயமாகப் போவது 178. இப்போது (65+178)/310, அதாவது 78 சதவீதம். உங்கள் பலகைக்கும் உண்மைக்கும் 11 புள்ளி இடைவெளி. மேலே சொன்ன 20, 12 என்பவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்களுடையவற்றை அங்கே போய் நின்று எடுத்தால்தான் தெரியும். மாதத்தில் ஒரு நாள், ஒரு மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுப் பிரித்து நிறுத்தால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே சிக்கல் இருந்தது. நாட்டுக்கு நாடு வெவ்வேறு இடத்தில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். 2018-இல் சட்டத்தைத் திருத்தி, மறுசுழற்சி ஆலைக்குள் நுழையும் எடைதான் கணக்கு, அதற்கு முன் கழிபவை சேராது என்று வைத்தார்கள். நகரக் குப்பைக்கு அவர்கள் வைத்த இலக்கு 2025-க்குள் 55, 2030-க்குள் 60, 2035-க்குள் 65 சதவீதம். 89 என்று எழுதும்முன் இந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இன்னொரு பொறியும் உண்டு. தோட்டத்தில் புல் வெட்டி 100 கிலோ உரக்குழியில் போட்டால் மேலும் கீழும் 100 கூடும்: 343/410, அதாவது 84 சதவீதம். குப்பை ஒரு கிலோகூடக் குறையவில்லை. சதவீதம் மட்டும் ஏறிவிட்டது! தோட்டக் கழிவுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

சதவீதத்தைவிட நாங்கள் நம்பும் எண் ஒன்று உண்டு. கடைசியில் குப்பைமேட்டுக்குப் போகும் எடையைத் தங்கிய ஆள்-இரவுகளால் (ஒருவர் ஓர் இரவு தங்கினால் ஒன்று) வகுப்பது. இங்கே 310-லிருந்து 243 போக 67 கிலோ. அந்த வாரம் 210 ஆள்-இரவு என்றால், ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 319 கிராம். புல்லைச் சேர்த்து இதைக் குறைக்க முடியாது. பலகையில் இதை எழுதுங்கள்.

தராசு விஷயம்: 150 கிலோ தாங்கும், 50 கிராம் வரை காட்டும் மேடைத் தராசு போதும். சரிவான முற்றத்தில் வைக்காதீர்கள். மலையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். மாதம் ஒருமுறை 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, வெற்றுக் கேன் எடையைக் கழித்து 20 கிலோ காட்டுகிறதா என்று பாருங்கள். மழை மாதங்களில் நனைந்த அட்டைப்பெட்டியை நிறுத்தால் தண்ணீரையும் மறுசுழற்சிக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். கூரைக்குள் இரண்டு நாள் காயவிட்டு நிறுங்கள். மக்கும் குப்பையை மாறாக, அன்றன்றே நிறுங்கள், வைத்திருந்தால் எடை இறங்கும். (உயரத்தில் தராசு குறைத்துக் காட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். காட்டும். சமவெளியில் சரிபார்த்த மின்னணுத் தராசு குன்னூரில் 100 கிலோவுக்கு 100 கிராமுக்குள்தான் குறைக்கும். கவலைப்பட வேண்டாம்.)

கேள்வி: எங்கள் வியாபாரிகள் சங்கம் அடுத்த ஆண்டுக்குள் "நூறு சதவீதம் குப்பையில்லாக் கடைவீதி" என்று தீர்மானம் போட உள்ளது. இலக்கை எப்படி எழுத வேண்டும்?
— கடைக்காரர், கொடைக்கானல்

பதில்: நூறு என்று எழுதாதீர்கள். எழுதினால் மீதமுள்ள மூன்று நான்கு மூட்டையை யாராவது இரவில் எரிப்பார்கள், அல்லது சோலைப் பக்கம் சரிவில் உருட்டிவிடுவார்கள். எட்ட முடியாத இலக்கு மறைக்கத்தான் சொல்லிக்கொடுக்கும். சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பர், பல அடுக்கு உறை இவற்றுக்கு உங்கள் கடைவீதிக்குள் தீர்வு இல்லை. அவற்றைத் தனி வரியில், வெளிப்படையாக எழுதுங்கள்.

முதலில் அடிப்படை எடை வேண்டும். ஏப்ரல், மே சீசனில் ஒரு வாரம் அளந்துவிட்டு அதை ஆண்டுக்குப் பெருக்குவதும் தவறு. ஜூலை மழையில் அளந்துவிட்டுப் பெருமைப்படுவதும் தவறு. குறைந்தது நான்கு வாரங்கள் அளக்க வேண்டும்: கோடை சீசனில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று, அக்டோபர் விடுமுறைக் கூட்டத்தில் ஒன்று, ஜனவரி பிற்பாதியின் சாதாரண நாட்களில் ஒன்று. மண்சரிவால் சாலை மூடிக் கிடந்த ஆண்டை அடிப்படை ஆண்டாக வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு என்ன செய்தாலும் தோற்றதாகவே தெரியும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால், அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை.

பிறகு இரண்டு எண்ணாக எழுதுங்கள். ஒன்று, கடைக்கு ஒரு நாளுக்கு எத்தனை கிலோ கழிவு மீதம். இது கடைக்காரரின் திறமையைக் காட்டும். மற்றொன்று, கடைவீதி மொத்தத்துக்கும் ஆண்டுக்கு எத்தனை டன் குப்பைமேட்டுக்குப் போகிறது. மலை தாங்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். முதல் எண் 10 சதவீதம் இறங்கி, கடைகள் 20 சதவீதம் கூடினால், மேட்டுக்குப் போவது 8 சதவீதம் ஏறிவிடும் (0.9 × 1.2 = 1.08). ஒற்றை எண்ணை மட்டும் வைத்திருந்தால் இது கண்ணில் படாது.

எவ்வளவு குறைப்பது என்பதைப் பேச்சில் முடிவு செய்யாதீர்கள். மீதக் குப்பை மூட்டையைப் பிரித்துப் பார்த்து, எடையில் முதல் மூன்று இடம் எவற்றுக்கு என்று எழுதுங்கள். சோளக்கதிர்த் தோலும் மட்டையும் மீத மூட்டைக்குள் 30 சதவீதம் இருந்தால், அவற்றுக்கென்று நான்கு கூடை வைத்தாலே அந்த 30-இல் பெரும்பகுதி மக்கும் கணக்குக்குப் போய்விடும். அங்கே இலக்கு 20 சதவீதக் குறைப்பு என்றால் அது நியாயம். பேப்பர் கப் முதலிடம் என்றால் கூடை வைத்துப் பயனில்லை. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் சாதாரண காகித ஆலை அதை எடுக்காது. எவர்சில்வர் டம்ளருக்கும் கழுவும் தொட்டிக்கும் காசு ஒதுக்கினால்தான் எண் இறங்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏமாற்று வேலையைப் பிடிக்க ஒரே வழி உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் ஒப்பிடுவதுதான். வந்த எடை = போன எடை + கிடங்கில் சேர்ந்தது. கடைகளுக்கு மாதம் 400 முட்டை அட்டை வந்து, பழைய பேப்பர் கடைக்கு 150 மட்டும் போயிருந்தால், 250 எங்கே? அடுப்பிலா, பள்ளத்திலா? வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் விடுங்கள். அதற்கு மேல் என்றால் தேடுங்கள்.

கேள்வி: கிலோ தேயிலைத் தூளுக்கு இவ்வளவு விறகு என்று இலக்கு வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலை சொல்லும் எண்ணோடு எங்கள் எண் ஒத்துவரவில்லை. தவிர, விறகு மறுபடி வளர்வதுதானே, அதை முழுச் சுழற்சி என்று எழுதலாமா?
— சிறு தேயிலைத் தொழிற்சாலை, கோத்தகிரி

பதில்: ஒத்துவராததற்கு முதல் காரணம் விறகிலுள்ள ஈரம். நீங்கள் பச்சை விறகை நிறுத்து எழுதுகிறீர்கள், அவர் காய்ந்ததை எழுதுகிறார். ஒரு கிலோ விறகில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் சுமார் 14.5 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். 50 சதவீதம் ஈரம் என்றால் சுமார் 8 தான். அதற்காகக் காயவைத்தால் விறகுச் செலவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காயும்போது எடையும் குறைகிறது: 50 சதவீத ஈரத்தில் 1.6 கிலோ இருந்த அதே கட்டை, 20 சதவீதத்துக்கு வரும்போது 1 கிலோவாகிவிடும். அதே மரத்திலிருந்து கூடுதலாகக் கிடைப்பது 13 சதவீதம் வெப்பம். அதுவே பெரிய லாபம்தான். நான்கு விரல் அகலத்துக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, கூரையடியில் காற்றோட்டமாக அடுக்கி மூன்று நான்கு மாதம் விடுங்கள். பனிமூட்ட மாதங்களில் திறந்தவெளியில் அடுக்கினால் காய்ந்ததும் மறுபடி ஈரம் இழுக்கும்.

ஆக, இலக்கை "கிலோ தூளுக்கு எத்தனை கிலோ உலர் விறகு" என்று எழுதுங்கள். லோடுக்கு லோடு மூன்று நான்கு கட்டையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கிலோ சீவல் எடுத்து, 105 டிகிரி சூட்டில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்தால் ஈரம் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் வாட்டம், அதாவது பச்சை இலையை வாடவிட்டு ஈரத்தை இறக்குவது. இதை உலைக்காரர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் பிழை மாடியில் வாட்டும் தொட்டியில் இருக்கும். 78 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பச்சைத் தேயிலையில் உலர்பொருள் 22 கிலோ. அதை 68 சதவீத ஈரத்துக்கு வாட்டினால் எடை 69 கிலோ. டிரையரில் 3 சதவீதத்துக்கு வறட்டினால் தூள் 22.7 கிலோ. டிரையர் ஓட்ட வேண்டிய தண்ணீர், கிலோ தூளுக்கு 2 கிலோ. அவசரத்தில் 74 சதவீதத்தில் இறக்கினால் அதே இலை 85 கிலோ இருக்கும்; டிரையர் ஓட்ட வேண்டியது 2.7 கிலோ. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை. உலையை மாற்றினாலும் இது சரியாகாது. சீசனில் இலை குவியும் நாட்களில்தான் வாட்டம் குறையும் என்பதால், மாதச் சராசரியைப் பார்க்காமல் நாள்வாரியாக எழுதினால் காரணம் பிடிபடும்.

இலக்கை எந்த எண்ணில் வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.5 மெகாஜூல். 2 கிலோவுக்கு 5. ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 350 கிராம் காய்ந்த (20 சதவீத ஈரமுள்ள) விறகு போதும். உலையும் டிரையரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத்தான் பயனாக்குகின்றன என்று வைத்தால் ஒரு கிலோ. வாட்டலுக்குச் சூடுகாற்று விட்டால் அதற்குத் தனி. எனவே 1.6-இல் இருப்பவர் 1.3-ஐ இலக்காக வைக்கலாம். 0.6 என்று எழுதித் தருபவரிடம் கணக்குக் கேளுங்கள்.

முழுச் சுழற்சி என்று எழுதலாமா என்றால், வெட்டிய இடத்தில் மறுநடவு நடந்ததற்குத் தாள் இருந்தால் எழுதலாம். சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எதுவானாலும் இதே விதி. தேயிலைக் கழிவை விற்பதைச் சுழற்சி வரியில் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1959-ஆம் ஆண்டு தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ விற்கவோ கூடாது. அது மறுபடி டீக்கடைக்குள் நுழைந்தால் அதற்குப் பெயர் சுழற்சி இல்லை, கலப்படம்.

கேள்வி: மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டத்தில் பெரும்பாலான பாட்டில்கள் திரும்புகின்றன. 90 சதவீதம் திரும்பினாலே போதாதா? மேலே 95, 98 என்று ஏன் துரத்த வேண்டும்?
— ஆசிரியை, உதகை

பதில்: சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக 2022 மே மாதம் நீலகிரியில்தான் இத்திட்டம் முதலில் தொடங்கியது. யானையும் காட்டுமாடும் நடக்கிற தடத்தில் உடைந்த கண்ணாடி குறைந்தாலே அது வெற்றி. அந்த அளவில் 90-ம் நல்ல எண்தான்.

ஆனால் பாட்டில் மறுபடி நிரப்பப்பட வேண்டும் என்று பார்த்தால் கணக்கு வேறு. ஒரு பாட்டில் சராசரியாக எத்தனை தடவை சுற்றும்? ஒன்றை, திரும்பாத பங்கால் வகுங்கள். 90 திரும்பினால் 1/0.10, பத்து சுற்று. 95 என்றால் 20. 98 என்றால் 50. கடைசிச் சில புள்ளிகளில்தான் முழு லாபமும் இருக்கிறது. கீழே 50-லிருந்து 60-க்கு உயர்த்தினால் இரண்டு சுற்று இரண்டரையாகும், அவ்வளவுதான்.

இங்கும் தராசு எந்த வாசலில் என்ற கேள்வி வரும். 95 திரும்பி, கழுவுமிடத்தில் வாய் உடைந்தது, கீறல் விழுந்தது என்று பத்தில் ஒன்று கழிந்தால், 0.95 × 0.90 = 0.855. சுற்று 20 இல்லை, ஏழு. திரும்பிய பாட்டிலை உடைத்துக் கண்ணாடி உலைக்கு அனுப்பினால் சுற்று ஒன்றே ஒன்று. அதில் மிச்சம் சிறியது: உலையில் போடும் கலவையில் உடைந்த கண்ணாடி 10 சதவீதம் கூடினால், எரிசக்தி சுமார் 3 சதவீதம் வரை குறையும். எனவே "எத்தனை திரும்பியது" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "எத்தனை நிரப்பப்பட்டது" என்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மாணவர்களுக்கு நல்ல வகுப்புக் கணக்கும் ஆகும்.

கேள்வி: கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சாக்கில் அனுப்புகிறோம். பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறினால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா?
— விவசாயி, கேத்தி

பதில்: எத்தனை நடை போய் வருகிறது என்பதைப் பொறுத்தது. கிரேட் 1.5 கிலோ, 20 கிலோ கேரட் பிடிக்கும் என்றால் டன்னுக்கு 50 கிரேட், 75 கிலோ பிளாஸ்டிக். நூறு கிராம் சாக்கு 50 கிலோ பிடித்தால் டன்னுக்கு 20 சாக்கு, 2 கிலோ. மூன்று தடவை பயன்பட்டால் நடைக்கு 670 கிராம். கிரேட் அதைத் தொட ஒவ்வொன்றும் 113 நடை உயிரோடு இருக்க வேண்டும். மண்டியிலேயே பாதி கிரேட் தொலைந்தால் சாக்கே மேல். ஆனால் பிளாஸ்டிக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சாக்கில் நசுங்கி உடைவது நூற்றுக்கு இரண்டு கிலோ கூடுதல் என்றால், டன்னுக்கு 20 கிலோ கேரட், அதற்கு ஊற்றிய தண்ணீர், போட்ட உரம் எல்லாம் போச்சு. இரண்டு வகையிலும் பத்து லோடு அனுப்பி, மண்டியில் கழித்த எடையை வாங்கி எழுதுங்கள். கிரேட்டுக்கு எண் அடித்து, முன்பணம் பிடித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் திரும்பாது.

கேள்வி: உரக்குவியல் சூடே ஏறவில்லை. மூன்று மாதமாகியும் கேரட் தழை அப்படியே கிடக்கிறது. "100 கிலோ போட்டால் 40 கிலோ உரம்" என்ற இலக்கை எட்டவே முடியவில்லை.
— மகளிர் குழு, உதகை அருகே

பதில்: எடையை இலக்காக வைத்ததே கோளாறு. 40 கிலோவுக்குப் பதில் 60 கிலோ வந்தால் அது திறமை அல்ல, மக்காதது அல்லது நனைந்தது. சூட்டை இலக்காக வையுங்கள்: குவியல் நடுவில் 55 டிகிரி, பதினைந்து நாள், அதற்குள் ஐந்து தடவை புரட்டல். களை விதையும் நோய்க்கிருமியும் சாக இது வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பி வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

சூடு ஏறாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். குவியல் சிறியது: உறைபனி விழும் ஊரில் ஒன்றரை மீட்டர் நீள, அகல, உயரமாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே போய்விடும். ஈரம் அதிகம்: ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள், ஓரிரு துளிக்கு மேல் சொட்டினால் காற்றுப் போக வழியில்லை. தழையும் காய்கறிக் கழிவும் மூன்று பங்குக்கு ஒரு பங்கு எடையில் காய்ந்த சில்வர் ஓக் இலை, கவாத்துக் குச்சியின் நறுக்கு, மரத்தூள் கலந்தால் சரியாகும். கற்பூர மர இலையை மிகுதியாகப் போடாதீர்கள், அதன் எண்ணெய் மக்கலைத் தாமதப்படுத்தும். மூன்றாவது, மழை: மேலே தகரக் கூரை, கீழே சரிவான தளம். சுற்றிலும் வலுவான கம்பிவலை அடியுங்கள். கரடி குவியலைப் புரட்டும், ஆனால் ஐந்து தடவைக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

கேள்வி: பொருள் சுழற்சிக் குறியீடு, ஐ.எஸ்.ஓ. 59020 என்றெல்லாம் சொல்கிறார்களே. சிறு தொழில்களுக்கு இவை தேவையா?
— கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: ஐ.எஸ்.ஓ. 59020 என்பது 2024-இல் வந்த, சுழற்சியை அளப்பதற்கான தரநிலை. ஏற்றுமதியாளர் கேட்டால் வாங்கலாம். இருபது அறை விடுதிக்குத் தராசும் நோட்டும் போதும். பொருள் சுழற்சிக் குறியீடு என்பது, சுழற்சிப் பொருளாதாரத்துக்காக இயங்கும் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளையுடையது. அது மூன்றைக் கேட்கிறது: புதிதாக எடுத்த மூலப்பொருள் எவ்வளவு, மீட்க முடியாமல் போனது எவ்வளவு, பொருள் சராசரியைவிட எத்தனை மடங்கு காலம் உழைக்கிறது. படிக்க நல்லது. ஒரு குறை: எல்லாவற்றையும் எடையில் பார்க்கும். ஒரு கிலோ பழைய பேட்டரியும் ஒரு கிலோ பழைய செய்தித்தாளும் அதற்கு ஒன்றே. ஆகவே நச்சுப் பொருளுக்கு எப்போதும் தனி நோட்டு போடுங்கள், அதில் கிலோவோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள்.